கத்தரி இலைக்குள்ள கூடு: இப்ப மருந்து வேணாம்

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி, கத்தரி இலை ரெண்டைச் சேர்த்துத் தைச்சு உள்ளுக்க ஒரு கூடு, அதில முட்டை, செடியிலயோ புழு, கிருமிநாசினி அடிக்கலாமா எண்டு கேட்டிருந்தீங்க. அடிக்காதீங்க. அது தையல்சிட்டு எண்ட சின்னக் குருவிட கூடு. இலை ஓரத்தை உத்துப் பாருங்க: சொண்டால குத்தின சின்னச் சின்ன ஓட்டை, அதுக்குள்ளால பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து, வெளிப்பக்கம் பிசிறு விட்டு நிக்கும். தையல்காரர் தோத்துப் போவார்!

அடைகாக்க 12 நாள் அளவு, குஞ்சு பறக்க இன்னும் 14 நாள் அளவு. ஒரு மாதம் பொறுங்க. அதுவரைக்கும் தாயும் தகப்பனும் வளவெல்லாம் புழு பொறுக்கும், லாபம் உங்களுக்குத்தான்.

நுனி வாடித் தொங்குதெண்டா அது தண்டு துளைக்கிற புழு. உள்ளுக்க இருக்கிறதால மேலால அடிக்கிற மருந்து சரியாப் போய்ச் சேராது. புழு துளைச்ச ஓட்டைக்குக் கீழால நுனியை வெட்டி எரிச்சு விடுங்க. கூடு இருக்கிற கொப்பில மட்டும் கை வைக்காதீங்க.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கால இருக்கிற எங்கட எழுவான்கரை மணலில பங்குனி வெயிலுக்குத் தண்ணி நிக்காது, காலையும் பின்னேரமும் ஊத்தத்தான் வேணும். பூவாளியால மேலால தெளிக்காம அடியில ஊத்துங்க.

எனக்குப் பயம் முட்டை, குஞ்சைத் தின்னுற செம்பகப் பறவையும் பூனையும்தான். அடிக்கடி போய் இலையை விலத்திப் பார்த்தா அதுகளுக்கு நீங்களே வழி காட்டின மாதிரி. படம் எடுக்கிறதெண்டா தூர நிண்டு போனில ஸூம் பண்ணி எடுத்து, இங்க ஒருக்கா போடுங்க.