கேஸ் உள்ளவனோடு பழகினால் நம் மேலும் கேஸ் வருமா?

கேள்வி: என் தம்பி மதுரையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனுடைய பள்ளி நண்பன் மீது இரண்டு திருட்டு வழக்குகள், ஒன்றில் தண்டனையும் ஆகிவிட்டது. அவன் தினமும் கடையில் வந்து உட்காருகிறான். "அவனோடு சேர்ந்தால் உன் மேலும் கேஸ் போடுவேன்" என்று இன்ஸ்பெக்டர் தம்பியை எச்சரித்திருக்கிறார். பழகுவதே குற்றமா?

பதில்: இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2012-ல் அப்படியே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். போலீஸ் எச்சரித்த பிறகும் தண்டனை பெற்றவர்களோடு தொடர்ந்து பழகினால் சிறை. 2014-ல் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை; சேர்ந்து டீ குடித்ததற்காக யாரையும் தண்டிக்க முடியாது.

அதற்காக இன்ஸ்பெக்டர் சொன்னதை வெறும் மிரட்டல் என்று விட்டுவிடாதீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 313-ன்படி, வழக்கமாகத் திருடும் கும்பலில் ஒருவராக இருப்பதே குற்றம். ஏழு ஆண்டு வரை கடுங்காவல். தம்பி நேரில் திருடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு கும்பல் இருக்கிறது, தம்பியும் அதில் ஓர் ஆள் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஒரு நண்பன், பழைய இரண்டு வழக்கு, இது போதாது.

எனக்குக் கவலை தருவது வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 129 (பழைய சட்டத்தில் 110). வழக்கமாகத் திருடுபவர், திருட்டுப் பொருளை வாங்குபவர், திருடருக்கு அடைக்கலம் தருபவர் போன்றோரிடம் மூன்று ஆண்டு வரை நன்னடத்தைப் பிணை (ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதி) கேட்கலாம். கொடுக்காவிட்டால் சிறை. இதை விசாரிப்பவர் நீதிபதி அல்ல, மாஜிஸ்திரேட் அதிகாரம் பெற்ற அரசு அதிகாரியான நிர்வாக நடுவர். ஒருவர் வழக்கமான குற்றவாளி என்பதற்கு, ஊரில் அவருக்கு இருக்கும் பெயரையே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 135. கடையில் தினமும் உட்காரும் நண்பன் இங்கேதான் பிரச்சினை. நோட்டீஸ் வந்தால், தகவலின் சாரம், பிணைத்தொகை, காலம் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிவு 130 அதைக் கட்டாயமாக்குகிறது. முதல் வாய்தாவுக்கே வக்கீலோடு போங்கள்.

குண்டர் சட்டமா? அதற்குத் தம்பியே வழக்கமாகக் குற்றம் செய்பவராக இருக்க வேண்டும். இப்போது அந்தப் பயம் வேண்டாம்.

சரி, நட்பை முறிக்க வேண்டுமா? அது தம்பியின் விருப்பம். ஆனால் அந்த நண்பனுக்கு பைக்கோ சிம்கார்டோ கொடுக்கக் கூடாது, அவன் பணத்தைத் தம்பியின் ஜிபே கணக்கில் வாங்கக் கூடாது. முக்கியமாக, அவன் கொண்டுவரும் போனை வாங்கவே கூடாது. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் நியாய சன்ஹிதா பிரிவு 317-ல் மூன்று ஆண்டு வரை சிறை. நண்பனின் பழைய வழக்கையே அந்தக் காரணமாகக் காட்டுவார்கள். மற்றவர்களிடம் பழைய போன் வாங்கும்போதும் பில், அடையாள அட்டை நகல் வாங்கிக்கொண்டு, ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், ஸ்டேஷனில் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது.