கிறுக்கல்

கேள்வி: ஓவியர் வான்கா தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பெண் நாவல் படிப்பதுபோல் கிறுக்கி வைத்திருக்கிறார். அவள் யார்? இந்தக் கிறுக்கலுக்கு இத்தனை கொண்டாட்டம் ஏன்?

பதில்: கிறுக்கல் என்று எழுதிவிட்டீர்கள், இனி அந்தச் சொல்லை நான் விட மாட்டேன். 1889 தொடக்கத்தில், வான்கா குடியிருந்த பிரான்ஸின் ஆர்ல் ஊர்க்காரர்கள் சுமார் 30 பேர் சேர்ந்து, இந்த ஆள் கிறுக்கன், வெளியே விடாதீர்கள் என்று மேயரிடம் மனுக் கொடுத்தார்கள். அவசரத்துக்குக் கையெழுத்து வாங்கும்போது 'இங்க ஒரு கிறுக்கு கிறுக்குங்க' என்போமே, அந்தக் கணக்கில் அங்கே கிறுக்கியவர்கள் அந்த 30 பேர்தான்.

உங்கள் படம் அதற்கு முன்பே, 1888 நவம்பரில், நெதர்லாந்தில் இருந்த தங்கை வில்லெமீனுக்குப் போனது. தான் தீட்டிய ஓவியத்தைத் தங்கைக்குக் காட்ட வேண்டும், செல்போனா இருந்தது? உருவத்தைக் கோட்டில் போட்டு, நிறத்தை எழுத்தில் சொல்லிவிட்டார்: கன்னங்கரேலென்று அடர்ந்த கூந்தல், பச்சை மேல்சட்டை, ஒயின் அடிமண்டி நிறத்தில் அதன் கைகள், கறுப்புப் பாவாடை, பின்னால் எல்லாம் மஞ்சள், புத்தக அலமாரி, கையிலும் மஞ்சள் புத்தகம். சிரிக்காதீர்கள். நமக்கு மஞ்சள் புத்தகம் என்றால் புத்தி வேறெங்கோ போகும். அது பிரெஞ்சு நாவல்களுக்குப் போட்ட சாதா அட்டை. அப்பா பாதிரியார்; 1885-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய பைபிளுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ஸோலாவின் மஞ்சள் அட்டை நாவலை வைத்து வரைந்த பிள்ளை இவர்.

அந்தத் தங்கைக்கு எழுத்து ஆசை உண்டு. எழுதுவதற்காகப் படிக்கப் போகிறேன் என்றதற்கு அண்ணன் 1887-ல் சொன்ன யோசனை: அதெல்லாம் வேண்டாம்மா, நடனம் கற்றுக்கொள், நோட்டரி குமாஸ்தா, ராணுவ அதிகாரி என்று யாரையாவது காதலி. எனக்கும் மாதம் தவறாமல் 'எழுத்தாளராக என்னென்ன படிக்கணும், பட்டியல் தாங்க' என்று கடிதம் வருகிறது. பட்டியல் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது, இனிமேல் குமாஸ்தாவைத்தான் சிபாரிசு செய்வதாக இருக்கிறேன். போன வருஷம் பட்டியலோடு என் அலமாரியிலிருந்து நாலு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போன கவிஞர் ஒருவர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். ஐயா, அந்த நாலையும் கொண்டு வந்து கொடுங்கள்.

சரி, அவள் யார்? யாரும் எதிரே உட்காரவில்லை, மனசிலிருந்து வரைந்தது. அப்போது கூடவே தங்கியிருந்த சக ஓவியர் கோகன் அப்படித்தான் வரையச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் வான்கா தன் காதையே அறுத்துக்கொண்ட விவகாரம். அதைப் பற்றி இனி யாரும் கேள்வி அனுப்ப வேண்டாம், ஏழு தடவை பதில் சொல்லியாகிவிட்டது.