வயலை வாங்கச் சொன்னவர்

அன்புள்ள ஐயா,

வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்த நானும் கணவரும் ஓராண்டு செபித்து, ஆண்டவர் காட்டும் வழி இதுவே என்று நம்பி, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள என் தந்தையின் காணிக்குத் திரும்பினோம். வைத்த தென்னங்கன்றுகளில் பெரும்பகுதியை யானைகள் இரண்டே இரவுகளில் பிடுங்கிவிட்டன. கிணறும் வற்றிவிட்டது. அழைத்தவர் அவரே என்றால் இது ஏன்? இப்படிக் கேட்பதே விசுவாசக் குறைவு என்கிறார் என் அக்கா.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அக்காவின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். கன்றுகள் போனதைவிட அதுவே உங்களை வருத்தியிருப்பதாகத் தோன்றுகிறது. விவிலியத்தில் இறைவாக்கினர் எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.

பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் வீழும் என்று அறிவித்ததற்காகவே காவல்கூட முற்றத்தில் அடைபட்டிருக்கும் எரேமியாவிடம், அவரது சொந்த ஊரான அனத்தோத்தில் உறவினரின் வயலை வாங்கும்படி ஆண்டவர் சொல்கிறார். படை பிடித்த ஊரில் காணி வாங்குவது எத்தகைய செயல் என்பதை வன்னியில் வாழ்ந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவரோ 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் காணி உறுதி எழுதி, முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் நெடுநாள் கெடாதிருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். (2009இல் என் தாயார் எங்கள் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் பொதிந்து இடுப்பில் கட்டியபடியே ஒவ்வோர் இடமாக நடந்தார்; அந்த மண்பாண்டத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொதிதான் நினைவுக்கு வருகிறது.)

நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அடுத்து வரும் பகுதியை. உறுதியைக் கையளித்த பின்னர்தான் எரேமியா செபிக்கிறார். உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று தொடங்குபவர், மதிலை நெருங்கிவிட்ட முற்றுகை மேடுகளைப் பாரும் என்று காட்டி, நகரம் பகைவர் கைக்குப் போகும் வேளையில் வயலை வாங்கு என்றீரே என்ற கேள்வியிலேயே நிறுத்திவிடுகிறார். கீழ்ப்படிந்தவரும் அவரே, கேட்டவரும் அவரே. ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இந்த நாட்டில் மீண்டும் வயல்கள் வாங்கப்படும் என்று மறுமொழி சொன்னார். அந்த மறுமொழி எரேமியாவின் ஆயுளுக்குள் நிறைவேறியதாகவும் நினைக்காதீர்கள். மக்களின் பாபிலோனியச் சிறையிருப்பு 70 ஆண்டுகள் என்று அறிவித்த அவரை, தம் மக்களே எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் அந்த வயலில் ஒருநாளாவது ஏர் பூட்டியதாக எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே கன்றுகள் அழிந்ததை வைத்து, நீங்கள் பெற்ற வழிகாட்டல் பொய் என்று முடிவுகட்ட என்னால் இயலாது. அதேவேளை, நேர்ந்த ஒவ்வொரு இழப்பையும் அவரது திட்டம் என்று சொல்லவும் நான் துணியமாட்டேன். முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அப்படிச் சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சொல் அவளை ஆலயத்திலிருந்தே விலக்கியது. தெரியாததைத் தெரியாது என்று அவரிடமே சொல்லி நிற்பதைத்தான் நான் நம்பிக்கை என்று அறிந்திருக்கிறேன்.

கிணற்றை ஆழப்படுத்துவதும், யானை வேலிக்காகப் பிரதேச செயலகத்துக்கு நடப்பதும் இந்த நம்பிக்கைக்கு முரணானவை அல்ல. எரேமியாவும் சாட்சிகளை வைத்துத்தான் உறுதி எழுதினார். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா ஆலயத்துக்கு வருவீர்களாயின் அக்காவையும் அழைத்து வாருங்கள். மிஞ்சிய கன்றுகள் எத்தனை என்று அறிய விரும்புகிறேன்.