சர்க்கரை நோய் இல்லை. ஆனாலும் சர்க்கரை ஏறி இறங்குவது ஏன்?

கேள்வி (தேவகோட்டை, 61 வயதுப் பெண்): பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பெரிய வீட்டில் நான் மட்டும்தான். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை நோய் இல்லை என்கிறார்கள். ஆனால் வீட்டுக் கருவி காலையில் ஒரு நாள் 88, மறுநாள் 101 காட்டுகிறது.

பதில்: ஆச்சி, இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக் கருவிகளுக்கான சர்வதேசத் தரவிதியே, 100க்குக் கீழான அளவுகளில் 15 மில்லிகிராம் வரை முன்பின் காட்ட இடம் கொடுக்கிறது. வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் இயல்பு, 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய், இடைப்பட்டது அதற்கு முந்தைய நிலை என்பது ஆய்வகத்தில் எடுக்கும் ரத்தத்துக்கான கணக்கு.

அதற்காக மனச்சோர்வுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். மனம் நெடுநாள் அழுந்திக் கிடக்கும்போது பலருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு கூடுகிறது. அது கல்லீரலைச் சர்க்கரையை வெளியிடத் தூண்டுவதோடு, இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகிறது. இரவுத் தூக்கம் கெட்டால் இந்த மந்தம் இன்னும் கூடும். பசியில்லை என்று காலை உணவை விட்டுவிட்டு, பதினோரு மணிக்குக் காபியோடு இரண்டு கந்தரப்பத்தைச் சாப்பிட்டுப் படுத்துவிடும் நாளில் சர்க்கரை சட்டென்று ஏறி இறங்கத்தான் செய்யும். நோயில்லாத உடல் அதைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றாலும், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை எச்பிஏ1சி (கடந்த சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துக்கொள்ளுங்கள், 5.7 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு. தினமும் விரலைக் குத்துவதை விட்டுவிடுங்கள்; அது உங்கள் கவலையைத்தான் வளர்க்கிறது.

கேள்வி (காரைக்குடி, 27 வயது இளைஞர்): சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடக்கிறது. லோ சுகரா?

பதில்: இருக்கலாம், தம்பி, ஆனால் பதற்றத் தாக்குதலும் இதே உருவில்தான் வரும், ஏனெனில் இரண்டிலும் உடலை உலுக்குவது அட்ரினலின்தான். நடுக்கம் இருக்கும் அந்த நேரத்திலேயே சோதித்துப் பாருங்கள். அறிகுறி இருக்கவேண்டும், சர்க்கரை 55க்குக் கீழ் இருக்கவேண்டும், இனிப்பு சாப்பிட்டு அளவு ஏறியதும் அறிகுறி அடங்கவேண்டும். விப்பிள் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது தாழ்சர்க்கரை. அப்போது மருத்துவர் ஆய்வகச் சோதனையில் உறுதிசெய்து காரணத்தைத் தேடவேண்டும். 90 காட்டினால், சிகிச்சை தேவைப்படுவது பதற்றத்துக்கு. குளுக்கோஸ் தண்ணீர் குடித்ததும் தெளிந்தது என்பது மட்டும் சான்றாகாது.

கேள்வி (கானாடுகாத்தான்): கவுனி அரிசி சர்க்கரையை ஏற்றாதாமே?

பதில்: தவிடு நீக்காததால் வெள்ளை அரிசியை விட நல்லது. சீனியும் நெய்யும் தேங்காயும் சேர்த்துக் கிளறிவிட்டால் அது இனிப்புதான்.

கேள்வி (பள்ளத்தூர்): மனச்சோர்வு மாத்திரையால் அம்மாவுக்கு எடை கூடுகிறது. சர்க்கரை வந்துவிடும் என்று பயந்து நிறுத்தப் பார்க்கிறார்.

பதில்: திடீரென்று நிறுத்த விடாதீர்கள், தலைசுற்றலும் தூக்கமின்மையும் வரலாம், நோயும் திரும்பலாம். மிர்டாசபைன், அமிட்ரிப்டிலின் போன்றவை எடையைக் கூட்டக்கூடும். சிலருக்குச் சேர்த்துத் தரப்படும் ஒலான்சபைன் சர்க்கரையையும் ஏற்றக்கூடும். எந்த மாத்திரை என்று பார்த்து, எடைக் குறிப்போடு மருத்துவரிடம் போனால் அவரால் வேறொன்றுக்கு மெல்ல மாற்றித் தர முடியும். வாழப் பிடிக்கவில்லை என்று அம்மா எப்போதாவது சொன்னால், சர்க்கரைக் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ உடனே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.