தராசில் 10, கரைசலில் 7.5: டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் நீர்

கேள்வி: உறையுலர்த்தி வைத்திருந்த டி.என்.ஏ. சோடியம் உப்பைத் திறந்த மேசையில் 10 மில்லிகிராம் நிறுத்துக் கரைத்தேன். 260 நானோமீட்டர் அலைநீள ஒளியை டி.என்.ஏ. உறிஞ்சும் அளவை வைத்துக் கணக்கிட்டால் 7.5 மில்லிகிராம்தான் வருகிறது. மாதிரி கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும் முன், உலர்ந்த டி.என்.ஏ. காற்றிலிருந்து ஈர்த்துக்கொள்ளும் நீரைக் கணக்கில் எடுங்கள். சோடியம் அயனியோடு சேர்ந்த ஒரு நியூக்ளியோட்டைடின் (டி.என்.ஏ. சங்கிலியின் ஓர் அலகு; சர்க்கரை, பாஸ்பேட், காரம் சேர்ந்தது) நிறை சராசரியாக 330. நீர் மூலக்கூறின் நிறை 18. நியூக்ளியோட்டைடுக்கு ஆறு நீர் மூலக்கூறுகள் ஏறினாலே 108 கூடி, நிறுத்த எடையில் கால் பங்கு நீராகிவிடும். உங்கள் 2.5 மில்லிகிராம் அதுவாகவே இருக்கக்கூடும். கழுவப்படாமல் எஞ்சிய வேறு உப்பும் இதே விளைவைத் தரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த ஆறு என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 1962, 1963 ஆண்டுகளில் ஃபால்க், ஹார்ட்மன், லார்டு ஆகியோர் டி.என்.ஏ.வை வெவ்வேறு ஈரப்பதங்களில் வைத்து எடையையும் அகச்சிவப்பு நிறமாலையையும் அளந்தபோது, ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 65 விழுக்காட்டை எட்டும்வரை ஐந்தாறு நீர் மூலக்கூறுகள் பாஸ்பேட்டை நாடிச் சேர்வதையும், அதற்கு மேல்தான் காரங்களின் (அடினின், தைமின் போன்ற மரபெழுத்துகளின்) பக்கம் நீர் நிரம்பத் தொடங்குவதையும் கண்டனர். நீர் ஏற ஏற, அகச்சிவப்பு நிறமாலையில் 1240 செ.மீ⁻¹ அருகிலுள்ள பாஸ்பேட்டின் உறிஞ்சல் பட்டை 1220 நோக்கி இறங்குவது இதற்குச் சான்று. முழுமையாக நனைந்த நிலையில் நியூக்ளியோட்டைடுக்குச் சுமார் இருபது மூலக்கூறுகள் உண்டு.

ஆனால் ‘ஒட்டிய நீர்’ என்பது எந்தக் கருவியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். படிகத்தில் எக்ஸ் கதிர் காண்பது ஓரிடத்தில் நிலையாக அமர்ந்த நீரைத்தான். ட்ரூவும் டிக்கர்சனும் 1981இல் விவரித்த, இரட்டைச் சுருளின் அடினின்–தைமின் மிகுந்த குறுகிய பள்ளத்தில் முதுகெலும்புபோல் ஓடும் நீர்த்தொடர் அவ்வகை. கரைசலில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை (என்.எம்.ஆர்.) அந்த நீரும் நானோ நொடி அளவிலேயே இடம் மாறுவதைக் காட்டியது.

நீங்களே அளக்க, மாதிரியைத் தெவிட்டிய சமையலுப்புக் கரைசலுக்கு மேல், 75 விழுக்காடு ஈரப்பதத்தில், எடை மாறாத வரை மூடிய கலனில் வையுங்கள். (எக்ஸ் கதிரால் டி.என்.ஏ.வை ஆராய்ந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், ஈரம் குறைந்த நிலையில் தோன்றும் ஏ வடிவ இழைகளைக் கண்டதும் ஏறத்தாழ இதே ஈரப்பதத்தில்தான்.) பிறகு நீரை வலுவாக உறிஞ்சும் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு மேல் வெற்றிடத்தில் உலர்த்தி மறுபடி நிறுங்கள், கடைசி நீர் மெல்லவே வெளியேறும், பொறுமை வேண்டும். இழந்த எடையை 18ஆலும், உலர் எடையை 330ஆலும் வகுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் நியூக்ளியோட்டைடுக்கான நீர் எண்ணிக்கை கிடைக்கும். இந்தச் சோதனைக்குத் தனியாகச் சிறிதளவு ஒதுக்குங்கள்: கடுமையாக உலர்ந்த டி.என்.ஏ.வில் காரங்களின் அடுக்கு குலையும். வேலைக்கான செறிவுக்கு ஒளி உறிஞ்சலையே நம்புங்கள்.