அடிபட்ட ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா, விட்டுவிடலாமா?

லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். 1992 மாடல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்று மலிவாக வருகிறது. முன்பக்க இடது மூலையில் அடி. 'கேட்டகரி எஸ்' என்கிறார்கள். துணியலாமா?

காரின் எலும்புக்கூடு வரை அடி இறங்கியிருக்கிறது, ஆனால் சரிசெய்து ஓட்டலாம். இதுதான் 'எஸ்'. பிரிட்டனில் அடிபட்ட கார்களை இன்சூரன்ஸ்காரர்கள் இப்படி எழுத்துப் போட்டுப் பிரிக்கிறார்கள், 2017 அக்டோபரிலிருந்து இந்த முறை. ஏ, பி என்று போட்டிருந்தால் அந்தக் கார் திரும்ப ரோட்டுக்கே வரக்கூடாது.

பானெட்டும் ஃபெண்டரும் நசுங்கியதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். எஞ்சினின் இரண்டு பக்கமும் முன்னோக்கி நீளும் இரும்புச் சட்டங்களை, அதாவது ரெயில்களைப் பாருங்கள். சுருக்கமோ புது வெல்டிங்கோ தெரிந்தால், காரை ஜிக்கில் (பாடி கோணியிருக்கிறதா என்று அளக்கும் சட்டம்) ஏற்றி அளக்காமல் பேரம் பேசாதீர்கள்.

உண்மையில் இந்தக் காரில் அடியைவிடத் துருவுக்குத்தான் நான் பயப்படுவேன். மடித்த துணிக்கூரைக்குப் பின்னால், இரண்டு மூலையிலும் மழைத்தண்ணீர் இறங்க ஓட்டை உண்டு. இலைதழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பெட்டிக்குள் போய்த் தேங்கும். ஒரு டம்ளர் தண்ணீரை அந்த மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், காருக்கு அடியில் உடனே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால், அதே இடத்தில் சில்லின் பின்கோடியை விரலால் அழுத்திப் பாருங்கள். நான் வாங்கிய முதல் எம்.எக்ஸ்-5-இல் பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. அழுத்தியதும், ஓட்டையை மறைக்கப் பூசியிருந்த பட்டி பெயர்ந்து, ஈரமான செந்தூள் கையில் கொட்டியது. அதற்குள் இருந்த இரண்டாவது தகடும் போயிருந்தது. ஒரு சிறு காந்தம் கொண்டுபோயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், கனமாகப் பட்டி போட்ட இடத்தில் காந்தம் பிடிக்காது.

ரெயிலும் சில்லும் நன்றாக இருந்தால் தைரியமாக வாங்குங்கள். ஆனால் விற்கும்போதும் அந்த 'எஸ்' கூடவே வரும். அதைக் கழித்து விலை பேசுங்கள்.

போர்ஷே 944. "டைமிங் பெல்ட் மட்டும்தான் அறுந்திருக்கு" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பெல்ட் அறுந்தது உண்மையாக இருக்கலாம், ஆனால் 'மட்டும்' என்பதை நம்பாதீர்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது இந்த பெல்ட்தான். இந்த எஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டன் வந்து வால்வை இடிக்கும், வால்வு வளையும். ஓடிக்கொண்டிருந்தபோது அறுந்ததென்றால் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) கழற்றும் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள். அவர் புது பெல்ட் மாட்டி ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள், வளைந்த வால்வோடு ஓட்டினால் சேதம் கூடும். இந்தக் காருக்குத் துத்தநாகம் பூசிய பாடி, அதனால் துரு மெதுவாகத்தான் வரும். பாடி நன்றாக இருந்து ஹெட் வேலை மட்டும் என்றால், நானாக இருந்தால் வாங்குவேன்.

சென்னையில் 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற பி.எம்.டபிள்யூ. இசட்-4. துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள், சேற்றுக்கறை கோடு போட்ட மாதிரி அங்கேயே நிற்கும். அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கி வயர் கனெக்டர்களைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சினைக்கூட மாற்றிவிடலாம், ஆனால் வயரிங் அரித்தால் இன்று ஓடும் கார் ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நிற்கும்.

லோட்டஸ் எலிஸ். முன்பக்க ஃபைபர் பாடி உடைந்திருக்கிறது, சேஸிஸில் "சின்ன நெளிவு" என்கிறார்கள்.

ஃபைபர் உடைந்தது பெரிய விஷயமில்லை. நெளிவுதான் விஷயம். எலிஸின் சேஸிஸ், அதாவது காரின் எலும்புக்கூடு, அலுமினியத் துண்டுகளைப் பசைபோட்டு ஒட்டியது. மொத்த எடையே 68 கிலோ. அதைத் தட்டி நிமிர்த்தவும் கூடாது, சூடுபட்டால் பசை போய்விடும் என்பதால் வெல்டிங் வைக்கவும் கூடாது. நெளிவு உண்மையென்றால் சேஸிஸையே மாற்ற வேண்டும். அந்தச் செலவில் அடிபடாத எலிஸையே தேடலாம். ஃபைபரைக் கழற்றிச் சேஸிஸைப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.