ஏற்காட்டுப் பெண்ணுக்குக் கடலடியில் வேலை கிடைக்குமா?

ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் மகள், மூழ்கிக் கிடக்கும் போர்க்கப்பலைச் சுற்றி ஸ்கூபா டைவிங் செய்வதுதான் தன் வேலை என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்கிறீர்கள். அவள் சொல்வது வெறும் பேச்சில்லை. ஓய்வுபெற்ற கப்பலை வேண்டுமென்றே மூழ்கடித்து, கடலடியில் மீன்கள் குடியேறும் செயற்கைத் திட்டாக்குவது பல நாடுகளில் நடக்கிறது. அமெரிக்கா ஒரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பலை 2006-ல் ஃபுளோரிடா கடலில் இப்படித்தான் இறக்கியது. நம் கடற்படையின் ஐ.என்.எஸ். குல்தாரும் 2024-ல் ஓய்வுபெற்று, இதே திட்டத்துக்காக மகாராஷ்டிராவிடம் தரப்பட்டது.

சரி, அங்கே சம்பளம் யாருக்கு? மூழ்கடிக்கும் முன்பு எண்ணெய், ஒயர், கல்நார் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். உள்ளே நுழைகிறவர் மாட்டிக்கொள்ளாதபடி கதவுகளைக் கழற்றி, இரும்புச் சுவரில் ஆள் நுழையும் அளவு வழி வெட்ட வேண்டும். கப்பல் கடல் தரையில் நேராக உட்காருமா, சாயுமா என்று கணக்குப் போட வேண்டும். இதெல்லாம் கப்பல் பொறியியல் படித்தவர் வேலை. அப்புறம் எந்த மீன் குடியேறியது, எது ஒட்டி வளர்ந்தது என்று வருஷக்கணக்கில் பார்ப்பது கடல் உயிரியல்காரர் வேலை.

அதனால் பட்டத்தை முதலில் பிடியுங்கள். உயிரியல் பிரிவு என்றால் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம்); நான்கு வருடம், நீட் வேண்டாம். இல்லையென்றால் விலங்கியல் முடித்துப் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்.எஸ்சி. கணக்கில் கெட்டி என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் வடிவமைப்பு. டைவிங் பயிற்றுநர் வேலையை மட்டுமே நம்பி இறங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருமானம் படுத்துவிடும்.

டைவிங் சான்றிதழை விடுமுறையில் புதுச்சேரியில் வாங்கலாம். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரியவேண்டும். முதல் நிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர் ஆழம்தான் எல்லை, அடுத்த நிலைக்கு 30. கப்பலுக்குள் நுழைய அதற்கென்று தனிப் பயிற்சி உண்டு.

மலைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். டைவிங் முடித்த அன்றே 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடலாம். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை இழுத்துவிடும். தொடர்ந்து சில நாள் டைவிங் செய்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். மலைக்கும் அதே கணக்கு. அன்றிரவு சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும், மறுநாள் மதியத்துக்கு மேல் ஏறினால் போதும்.